மாடுகளை ஏமாற்றிய பாட்டு

கடைசிப் பிள்ளையும் இறங்கிக் கையசைத்துவிட்டுப் போனதும், சிவரூபி தான் ஓட்டும் மஞ்சள் பள்ளிக்கூட பஸ்ஸின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றி மூடுவாள். பின் இருக்கை வரை நடந்து போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு, வெறும் இருக்கைகளுக்குப் பாடத் தொடங்குவாள். ரொறன்ரோவில் அவளுடைய பாட்டுகள் எல்லாம் இப்படித்தான் பிறந்தன. வீட்டில் வாய் திறந்தால் கீழ்மாடிக்காரர் தும்புத்தடியால் முகட்டை இடிப்பார். பஸ்ஸோ இரும்புக் கோயில் மாதிரி; போட்ட சத்தத்தை இரண்டு மடங்காகத் திருப்பித் தரும்.

சனி, ஞாயிறில் அவள் பாடகி. பிறந்தநாள், சாமத்தியவீடு, ஊர்ச்சங்க ஒன்றுகூடல் எதுவானாலும் பட்டுச்சேலைக்குக் கீழே பனிச்சப்பாத்தோடு வந்து இறங்குவாள். கிற்றாரைக் கைக்குழந்தை போல இடுப்பில் இடுக்கிக்கொள்வாள். சொல்லும் மெட்டும் அவளுடையவைதான்: நண்டு கடித்த விரல், படகில் சத்தி எடுத்த மாப்பிள்ளை, உப்புத்தண்ணீரில் வைத்த தேத்தண்ணி. பாவம், பல வருடம் பாடியும் அவளை விரும்பிக் கேட்டவர்களை அதே பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம், இருக்கையும் மிஞ்சியிருக்கும்.

ஒருநாள் காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பஸ்ஸுக்குள் இருந்தபடி தன் ஊரான நெடுந்தீவிலிருக்கும் குஞ்சியம்மா நல்லம்மாவோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். தாயில்லாத சிவரூபியை வளர்த்த சின்னம்மா அந்த நல்லம்மாதான். "பொறடி பிள்ளை, மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்" என்றவள், போனைக் கல்வேலியில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"ஊவ்... வாவோ... வா!"

அந்தக் குரலுக்கு ஊரில் தனிப் பேர். காற்று வாகாக அடித்தால் நயினாதீவு மாடுகளும் தலை நிமிருமாம். நடுவில் கடல் கிடந்தபடியால்தான் வரிசையில் வந்து நிற்கவில்லையாம். சிவரூபிக்குக் கேட்ட கணத்தில் பஸ் மறைந்துவிட்டது. வேலியில் காயும் பள்ளிச்சட்டை, தொட்டிக்குள் மூக்கை விட்டு மாடுகள் உறிஞ்சும் சத்தம், வெளியில் ஓடித் திரிந்த கால்களில் ஒட்டிய வெள்ளைப் புழுதி எல்லாம் கண்ணாடி வழியே வந்து ஏறிக்கொண்டன.

"இன்னொருக்கால் கூப்பிடுங்கோ குஞ்சியம்மா."

"மாடு வந்திட்டுதடி. இனி ஆரைக் கூப்பிட?"

"என்னை."

நல்லம்மா கூப்பிட்டாள். சிவரூபி அதைப் பதிவு செய்து, அந்தக் குரலையே அப்படியே பல்லவியாக வைத்துச் சுற்றிவரப் பாட்டுக் கட்டினாள். பாட்டு பறந்தது. லண்டனில் மாப்பிள்ளைமார் அதற்கு ஆடிக்கொண்டே மணவறைக்கு வந்தார்கள். பாரிஸில் கொத்துரொட்டி போடுகிறவர்கள் அதன் தாளத்துக்கே கொத்தினார்கள். அதன்பிறகு எந்த மேடையிலும் அவளை வேறு பாட்டுத் தொடங்க விடுவதில்லை. அடுத்தது எப்போது என்று கேட்டவர்களுக்குச் சிரித்துக் காட்டினாள். வரவில்லை என்பதுதான் உண்மை. தெருவிழா நடத்தும் சயந்தன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்: "புதுசு ஒண்டும் இல்லாட்டி, இந்தமுறை சின்ன மேடைதான் அக்கா."

இதற்கிடையில் பாட்டு குறிகட்டுவான் துறையில் படகேறி நெடுந்தீவுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் வினை. ஓட்டோவில் போட்டார்கள், ஓட்டோவுக்குப் பின்னால் மாடுகள் இறங்குதுறை வரை ஓடின. கல்யாணத்தில் போட்டார்கள், மாப்பிள்ளை வீட்டாரை விட நல்லம்மாவின் மாடுகள் கூடுதலாக வந்தன. பந்தியில் இருத்தவில்லை, அவ்வளவுதான் குறை. ஆனால் ஓடிப்போன இடமெங்கும் தண்ணீர் இல்லை. திரும்பத் திரும்ப ஏமாந்த மாடுகள் ஒருநாள் காதை மூடிக்கொண்டன. வேலியடியில் நின்று நல்லம்மா தானே கூப்பிட்டாலும் ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

"உன்ர பாட்டுக்குக் கனடாவில சனம் வருதாம். இஞ்ச என்ர மாடு வருகுதில்லை" என்றாள் நல்லம்மா போனில். வெயில் காலம். சினைப்பசு சுட்டி தண்ணீருக்கு வராமல் தெற்குப் புல்வெளியிலேயே நிற்கிறதாம். வலிக்கிற முழங்காலோடு அவள் வாளி சுமந்து போகிறாளாம்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் சிவரூபி புறப்பட்டாள். நெடுந்தீவுப் படகிலும் அவளுடைய பாட்டுத்தான் அலறியது. சால்வையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தாள், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

மாடுகளுக்குப் புதுக் குரல் ஒன்று பழக்குவதென்று முடிவாயிற்று. கையில் தண்ணீர் இல்லாமல் அந்தக் குரல் ஒருதரமேனும் எழக்கூடாது என்பது நல்லம்மாவின் கட்டளை. சிவரூபி வளைவும் நெளிவுமாக ஒன்று பாடிக் காட்டினாள்.

"உது முடியிறதுக்குள்ள சுட்டி கண்டுக்குட்டி போட்டிடும்."

இன்னொன்று பாடினாள்.

"ஆரின்ர செத்தவீடடி இது? மாடு கண்ணைத் துடைச்சுக்கொண்டெல்லோ நிக்கும்."

பிறகு ஒரு காலையில், கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது கப்பி கிறீச்சிட்டது. அதற்கு மறுமொழி போல அவளுடைய வாயிலிருந்து ஏதோ வந்தது. மூன்றே சுரம், மூன்றாவது மேலே போய்த் திரும்பாமல் அங்கேயே நின்றது. கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். இத்தனை நாள் பஸ் தராததைக் கிணறு தந்துவிட்டது. இதன் பின்னால் எந்தக் கிற்றார் வரும், எந்த இடத்தில் கூட்டம் கைதட்டும் என்பது வரை அவளுக்குக் கேட்டது.

நல்லம்மா வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். "ம். இது வாய்க்கு வருது."

பின்னேரங்களில் தொட்டியை நிரப்பிவிட்டுக் கூப்பிட்டார்கள். மற்ற மாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. சுட்டி மட்டும் கோபித்த சம்பந்தி போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அன்று சிவரூபி கொட்டிலில் தவிடு அள்ளிக்கொண்டிருக்கையில் சயந்தன் கனடாவிலிருந்து போனில் அழைத்தான்.

"அக்கா, ஏதும் வந்ததோ? ஒரு வரி போதும். போனிலயே பாடுங்கோ, நான் பதிஞ்சு எடுக்கிறன். பெரிய மேடை உங்களுக்குத்தான்."

அவள் தொண்டையைச் செருமினாள். மூன்று சுரமும் நாக்கு நுனியில் வந்து நின்றன. அந்த நேரம் பார்த்து, வேலியடியில் நல்லம்மா அந்தப் புதுக் குரலை எடுத்தாள். தெற்கு வெளியில் சுட்டியின் காது ஆடியது. தலையைத் திருப்பியது. பெருத்த வயிற்றை அசைத்து அசைத்து, தொட்டியை நோக்கி நடக்கத் தொடங்கியது.

"அக்கா, பின்னால ஆர் உது பாடுறது? ஐயோ, நல்லாயிருக்கு! போனைக் கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ!"

சிவரூபி கைபேசியைத் தவிட்டு மூட்டைக்குள், முழங்கை மறையும்வரை, அமிழ்த்தினாள்.