கங்காருப் பிரட்டல்

"ஒன்லி ரெயர்" என்றான் இறைச்சிக் கடைக்காரன். ஓம், கிடைக்காத இறைச்சிதான், அதனால்தானே டொரொன்ரோவின் ஒரு மூலையான வோபர்னில் இருந்து பஸ்ஸும் சப்வேயுமாக ஒன்றரை மணித்தியாலம் வந்து நிற்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். "நோ, நோ, ரெயர்" என்று கையைத் தட்டையாக விரித்து இரண்டு தரம் புரட்டிக் காட்டினான். நானும் "யெஸ், வெரி ரெயர்" என்று சிரித்துவிட்டு, கல்லாக உறைந்திருந்த கங்காரு இறைச்சிப் பக்கெற்றைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு பேருக்கும் நல்ல சந்தோசம்.

சனிக்கிழமை பின்னேரம் அதை வெட்டித் திறந்தபோதுதான் சந்தோசம் போனது. ஈரலைப் போலக் கறுத்த சிவப்பு. மருந்துக்கும் கொழுப்பு இல்லை. துருப்பிடித்த இரும்பும் பழைய இரத்தமும் கலந்த ஒரு வெடுக்கு குசினி முழுக்கப் பரவியது. மஞ்சள் போட்டு ஒரு தரம், தேசிக்காய் பிழிந்து ஒரு தரம், வினாகிரியில் ஒரு தரம் கழுவினேன். கழுவிய கைதான் நாறியது. எட்டிப் பார்த்த என் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உந்த இறைச்சியையும் தின்னத்தானோ கனடாவுக்கு வந்தனாங்கள்?" என்று கேட்டுவிட்டு பேஸ்மென்ருக்கு இறங்கிப் போய்விட்டார். எனக்கு மட்டும் என்ன, ஆசையா?

என் தம்பி சுதன் அவுஸ்திரேலியாவில் கங்காரு வெட்டுகிறான். படகில் போனவன். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசாவில் இருக்கிறான். நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். கடற்கரையில் இருந்து ஒரு நாள் ஓட்டத்தில் இருக்கும் ஏதோ சிற்றூரில் ஒரு இறைச்சித் தொழிற்சாலை. சுடப்பட்ட கங்காருக்கள் தலையும் குடலும் இல்லாமல் லொறியில் வந்து இறங்கும். தோலை உரிப்பது இவன் வேலை. "சிலதுக்குப் பை இருக்கும் அக்கா. குட்டி ஒண்டும் இராதெண்டு தெரியும். எண்டாலும் கை தன்பாட்டில உள்ளுக்குப் போய்த் தடவிப் பாக்கும்" என்று முதன்முதலில் சொன்னபோது, நான் "சீ!" என்றேன். அதற்குப் பிறகு அவன் வேலையைப் பற்றி என்னிடம் கதைத்ததில்லை.

ஊரில் எங்கள் அயலில் நாலைந்து வீடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடு அடித்துப் பங்கு போடுவார்கள். எங்கள் பங்கை வாங்கிவர சுதன்தான் சைக்கிளில் போவான். பதினெட்டு வயதுப் பெடியன், இறைச்சிப் பையைக் கழுத்தில் ஏறிய பாம்பை எடுத்த மாதிரி தூரப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடுவான். ஓங்காளிக்கும் சத்தம் குசினிவரை கேட்கும். அன்று அவனுக்குச் சோறும் சொதியும் மட்டும். நாங்கள் எலும்பு சூப்பிக்கொண்டே அவனைப் பார்த்துச் சிரிப்போம்.

இப்போது அவனுக்கு இங்கே பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் ஒரு சம்பந்தம் பேசுகிறேன். சரிவந்தால் அந்தப் பிள்ளை கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்யும், தம்பி என் வாசலால் வருவான். பிள்ளையின் தாய் சாந்தி அன்ரி, "தம்பி என்ன செய்யிறார்?" என்று கேட்டபோது என் வாய் தானாக, "ஃபூட் கொம்பனியில சூப்பர்வைசர் அன்ரி" என்றது. சுதனிடம் அப்படியே சொல்லச் சொன்னேன். "உங்கட விருப்பம் அக்கா" என்று ஃபோனை வைத்தவன் இரண்டு கிழமையாக எடுக்கவில்லை. அவன் கையைத்தான் நான் ஒளிக்கிறேன் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. நான் எதற்கு வெட்கப்படுகிறேன் என்று நானே தின்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

ஆட்டிறைச்சிக்குப் போல வெங்காயம், உள்ளி, இஞ்சி வதக்கி, வறுத்த தூள் போட்டு, தேங்காய்ப் பால் விட்டு ஒன்றரை மணித்தியாலம் அவித்துப் பிரட்டினேன். நேரம் போகப்போக இறுகியது. ஒரு துண்டை வாயில் வைத்தேன். செருப்பு வார். மெல்ல மெல்லத் தூளின் ருசி போய் அந்த இரும்பு நாற்றம் மட்டும் நாக்கில் நின்றது. சிங்கில் துப்பினேன். அந்த நேரம் பார்த்து ரப்லெற்றில் வீடியோ அழைப்பு, சுதன்! அவனுக்கு ஞாயிறு காலை.

"என்ன கறி?"

"ஆடு."

அடுப்பில் இருந்த தாச்சியை உற்றுப் பார்த்தான். "அது ஆடில்லை அக்கா."

பக்கெற்றைக் காட்டச் சொன்னான். அதில் இருந்த தொழிற்சாலை இலக்கத்தை வாய்க்குள் வாசித்தான். "எங்கட இடம்தான்" என்றான். பிறகு சிரித்தான். "டொரொன்ரோவுக்கு எனக்கு முதல் அது வந்திட்டுது."

"கடைக்காரன் ரெயர் எண்டவன். நான் அருமையான சாமான் எண்டு நினைச்சன்."

"ஐயோ அக்கா, ரெயர் எண்டா உள்ளுக்கு இரத்தம் கசியக் கசிய அடுப்பால இறக்கிறது!"

அப்போது கைத்தொலைபேசி அடித்தது. சாந்தி அன்ரி. சுதன் படத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாச்சியில் இருந்து இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஃபோனை எடுத்தேன்.

"அன்ரி, நான் ஒரு பொய் சொல்லிப்போட்டன். தம்பி சூப்பர்வைசர் இல்லை. கங்காரு வெட்டுற இடத்தில வேலை."

"சீ! கங்காருவோ?"

என் அதே சீ. கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

"ஓம் அன்ரி. அவன் வெட்டினதைத்தான் இப்ப சாப்பிட்டுக்கொண்டு நிக்கிறன்."

மகளோடு கதைத்துவிட்டு எடுக்கிறேன் என்று அன்ரி வைத்துவிட்டார். எடுப்பாரோ தெரியாது. வாயில் அந்தத் துண்டு அப்படியே கிடந்தது. சுதன் கண்ணைத் துடைத்தான்.

"துப்புங்கோ அக்கா. நான் இவ்வளவு காலத்தில ஒரு துண்டும் வாயில வைச்சதில்லை."

விழுங்கினேன். மேசையில் பக்கெற் கிடந்தது. ஒரு மூலையில் அந்த நாட்டு முத்திரை, மறுமூலையில் இந்த நாட்டு ஸ்ரிக்கர். இரண்டு நாடும் அது எல்லை தாண்டச் சம்மதித்திருந்தன.