நாக்கில் ஒட்டும் கோப்பை

என் மேசைமேல் ஒரு பீங்கான் கோப்பை இருக்கிறது. பேனாக்கள் போட்டு வைத்திருக்கிறேன். டீ ஊற்றினால் அடியில் கசிந்து மேசையை நனைக்கும். வெளிப்புறத்தில் நீல எழுத்தில் 'வாடிக்கையாளர் விசுவாசமே நிறுவனத்தின் செல்வம்' என்று அச்சிட்டிருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கிய மகிழ்ச்சியில் ஒரு பேராசிரியர் எங்களுக்கெல்லாம் கொடுத்தது. அவரை நினைத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பொருள் அமையாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. விருத்தாசலத்தில், இன்று சுவர் மட்டும் நிற்கும் ஒரு தனியார் வாடகைச் சூளையில் நான் அலுவலகக் கண்காணிப்பாளர். ஃப்யூஸ் கட்டைகளும் பொம்மைகளும் செய்யும் சிறு முதலாளிகள் இன்னும் சுடாத பச்சைச் சரக்கைக் கொண்டுவந்து, வாடகை கட்டிச் சுட்டு எடுத்துப் போவார்கள். யார் முதலில் கொண்டுவருகிறாரோ அவருக்கு முதல் முறை. அதுதான் விதி. ஆனால் விதிப்பலகையின் கடைசி வரி, 'தொழில்நுட்பக் காரணங்களுக்காக மேலாளர் வரிசையை மாற்றலாம்' என்றது. எந்த விதியையும் கடைசி வரியிலிருந்து படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் பழக்கம். மேலே உள்ளதெல்லாம் அலங்காரம்.

பேராசிரியர் வந்த பிறகுதான் எங்களிடம் 'சேவைத் தரம்' என்ற ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அதற்கும் வாடிக்கையாளர் விசுவாசத்துக்கும் உள்ள உறவை ஆராய வந்திருந்தார். கருத்துக் கேட்க அவர் தேர்ந்தெடுத்த இடம் மேலாளரின் அறை. மேலாளரும் நாற்காலியை விட்டு நகரவில்லை.

"எதிர் டீக்கடையில உக்காந்து கேளுங்க சார். இங்க யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க" என்றேன்.

"மேலாளர் ஒத்துழைப்பு இல்லாம ஆய்வு நடக்காதுங்க" என்று, படிக்காதவனைப் பார்ப்பதுபோல் சிரித்தார்.

முதலாளிகள் வரிசையாக வந்தார்கள். எல்லாக் கேள்விக்கும் 'மிகவும் திருப்தி'. வேறு சூளைக்கு மாறும் எண்ணம் உண்டா என்றால், இல்லவே இல்லை. வெளியே வந்த பொம்மைக்காரர் என்னிடம், "வாடகைக்கு வுடுற சூளை வேற எங்க இருக்குது? வேப்பூர் ஓட்டல் அடுப்புலயா வேக வெக்கறது?" என்றார். உள்ளே அதற்குப் பெயர் விசுவாசம்.

ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார். அவரை நாங்கள் ஊர்ப் பெயரால் கருவேப்பிலங்குறிச்சி அம்மா என்போம். தன் ஊர்ப் பெண்கள் சிலரை வைத்துக்கொண்டு ஃப்யூஸ் கட்டை செய்துவந்தார். பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, அதன் பூச்சில்லாத விளிம்பை நாக்கில் வைத்தார். எங்கள் ஊரில் பீங்கானை அப்படித்தான் சோதிப்பார்கள். நன்றாக வெந்தது வழுக்கும், வேகாதது நாக்கைப் பிடித்துக்கொள்ளும்.

"ஒட்டுது பாருங்க சார். எப்பவும் எனக்குச் சூளையில அடித்தட்டுதான் குடுக்கறாங்க, அங்க சூடே ஏறல. இத மாட்டுனா மழையில ஷாக் அடிக்கும். எந்த யாவாரி வாங்குவான்?"

மேலாளர் புன்னகைத்தார். பேராசிரியர், "நேர்மையான பதில், ரொம்ப நன்றிம்மா" என்று உற்சாகமாகக் குறித்துக்கொண்டார்.

அடுத்த சுற்றில் அந்த அம்மாவின் பெயர் வரிசையின் கடைசிக்குப் போனது. நான் விதிப்பலகையின் முதல் வரியைக் காட்டினேன். மேலாளர் கடைசி வரியைக் காட்டினார். கெடுவுக்குள் சரக்கு வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக வியாபாரி சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் அந்த அம்மா வாசலில் காத்திருந்து பேராசிரியரைப் பிடித்தார்.

"ஒரு வார்த்த சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பாரு. நீங்க கேட்டதாலதான நான் சொன்னேன்?"

"நான் தலையிடக் கூடாதும்மா. ஆய்வு கெட்டுடும்."

"ஆய்வு கெட்டா திருப்பிச் செய்யலாம் சார். என் யாவாரி போனா திரும்ப மாட்டான்."

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திட்டக்குடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

வியாபாரி திரும்பவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு, அந்த அம்மா இன்னொருவர் பட்டறைக்குக் கூலிக்குப் போனார். சில மாதங்கள் கழித்துப் பேராசிரியர் இரண்டாம் முறை கருத்துக் கேட்க வந்தபோது, குறை சொல்ல ஒருவரும் மிச்சமில்லை. சேவைத் தரம் உயர்ந்ததால் விசுவாசமும் உயர்ந்தது என்று எழுதினார். எதுவும் உயரவில்லை, ஒரு ஆள் குறைந்திருந்தது. அவ்வளவுதான். அதற்குப் பட்டம், பட்டத்துக்குப் பாராட்டு விழா, விழாவுக்குப் பொன்னாடை. நன்றிக்கடனாக இந்தக் கோப்பைகள். அவற்றைச் சுட மேலாளர் வாடகையில்லாமல் இடம் கொடுத்தார். இலவசத்துக்கு எந்தத் தட்டு கிடைக்கும் என்று பேராசிரியர் விசாரிக்கவில்லை.

போன வாரம் வங்கியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "எங்க சேவைக்கு அஞ்சுக்கு அஞ்சு போடுங்க சார். கொறஞ்சா எங்க மேனேஜர் என்னத்தான் கேப்பாரு." போட்டேன். அந்தப் பேராசிரியரின் மாணவர்கள் நாடெங்கும் நல்ல வேலையில் இருக்கிறார்கள் என்று புரிந்தது.

போனை வைத்துவிட்டுப் பேனாக்களைக் கொட்டி, கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடி விளிம்பில் நாக்கை வைத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்தும் விடாமல் பிடித்துக்கொண்டது.