கழித்துப் போடாத கரு

அறந்தாங்கியில் திருச்சி பஸ் ஏறும்போது, கணக்கு டீச்சருக்கு முன்னால் அவருடைய தலையணை ஏறும். அதைச் சீட்டில் போட்டு மெல்ல உட்கார்ந்ததும் டிரைவருக்குக் கேட்கும்படி சொல்வார்: "அண்ணே, எனக்கு எலும்பு பொசுக்குனு ஒடிஞ்சிரும். வேகத்தடை வந்தா பாத்துப் போங்க." பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். கூச்சமெல்லாம் எனக்குத்தான். பிறவியிலேயே எலும்பு எளிதில் முறியும் அபூர்வ மரபணுக் கோளாறு அவருக்கு. அதே பள்ளியில் நான் தமிழ் டீச்சர். அவருடைய கணவர் குவைத்தில் இருந்தார். லீவில் வந்து, குழந்தைப்பேறு சிகிச்சைக்குத் தன் விந்தணுவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் ஆஸ்பத்திரிக்கு நான் துணை.

கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தையில்லை. "தன்னத் தூக்கவே ஆளு வேணும், இதுல புள்ள வேறயா?" என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே பேசினார்கள். ஊசிகள் போட்டு, கருமுட்டை எடுத்து, ஆய்வகத்தில் கருவும் உருவானபின் டாக்டர் கூப்பிட்டார். குழந்தைக்கும் இந்தக் கோளாறு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, பரிசோதித்து நல்ல கருவை மட்டும் வைக்கலாம் என்றார். "அதான் டீச்சர் நல்லது" என்று நான் முந்திக்கொண்டேன்.

"அப்ப நான் கழிச்சுப் போட வேண்டிய கருவா, டாக்டர்?"

அப்படியில்லை, குழந்தை படும் வலியை நினைத்துத்தான் சொன்னேன், பலர் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார் டாக்டர்.

"அவங்களுக்கு அது சரியா இருக்கும். வலி எனக்குத் தெரியும். பதினேழு தடவ ஒடிஞ்சிருக்கேன். ஒரு தடவகூட, பொறக்காம இருந்திருக்கலாம்னு நெனச்சதில்ல. பரிசோதன வேணாங்க."

திரும்பும் பஸ்ஸில் புதுக்கோட்டை வரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். வீண்பிடிவாதம் என்று எரிச்சல். இன்று நினைத்தால் என்மீதுதான் கோபம் வருகிறது. உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை வைத்துக்கொண்டே, அவரைப் போன்ற ஒருத்தி வேண்டாம் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

கர்ப்பத்தில் விலா எலும்பு இரண்டு முறிந்தது. மாதக்கணக்கில் படுக்கை. எட்டாம் மாதம் ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. அம்மாவின் கோளாறு அவளுக்கும் இருந்தது.

இப்போது அவளுக்கு மூன்று வயது. போன வாரம் காலில் மாவுக்கட்டோடு பள்ளிக்கு அழைத்து வந்திருந்தார். வாசலில் ஒரு மாணவியின் அம்மா, "புள்ளைக்கும் அதே வியாதியா டீச்சர்? பாவம்" என்றார். பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். டீச்சர் விடவில்லை.

"அதேதாங்க. ஆனா என்னய எப்புடித் தூக்கணும்னு எங்கம்மாவுக்குத் தெரியாது. இவளத் தூக்க எனக்குத் தெரியும்."