தாளாளரின் மூக்கு

பள்ளி ஆண்டு விழா டிவிடி நானூற்றைம்பது ரூபாய். விழாவில் பெற்றோர் யாரும் செல்போனில் படம் எடுக்கக் கூடாது. பிள்ளை ஆடியதைத் திரும்பப் பார்க்க வேண்டுமானால் வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த மாதம் என்னால் முடியவில்லை. வாங்காத பிள்ளைகளை வகுப்பில் நிற்க வைத்தார்கள். மூன்றாம் வகுப்பு படித்த என் மகள் மத்தியான மணி அடிக்கும்வரை நின்றாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் தாளாளரைப் பார்த்து, விலையைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"ஒரு டிவிடி ரெடி பண்ண எவ்ளோ செலவாகுதுன்னு உங்களுக்கு எங்கம்மா தெரியப் போகுது?" என்றார்.

எனக்குத் தெரியாதாம். திருமுடிவாக்கத்தில் டிவிடி போட்டுத் தரும் கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. படம் ஏற்றி, மேலே அச்சடித்து, டப்பாவில் போட்டுக் கொடுத்தால் பதினாலு ரூபாய். இந்த ஆளைப் பார்த்து ஊர் சிரிக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அந்தப் பள்ளியின் ஆர்டர் எங்கள் கம்பெனிக்கே வந்தது. டிவிடி மேல் அச்சடிக்க அனுப்பியிருந்த படத்தில் பிள்ளைகள் ஒருவரும் இல்லை; வட்டம் முழுக்கத் தாளாளர் முகம். மாதிரியைத் தாளில் அச்சடித்துத்தான் ஒப்புதலுக்கு அனுப்புவோம். தாளில் ஓட்டை இருக்காது. அதனால் பழைய டிஸ்க் ஒன்றை அதன்மேல் வைத்து, நடு ஓட்டை எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. வைத்துப் பார்த்தேன். மூக்கில் விழுந்தது.

டிஸ்கை எடுத்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டேன். அவரும் தாளைப் பார்த்துப் பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

பள்ளி வாசலில் டப்பாவைத் திறந்தால், மூக்கிருந்த இடத்தில் பிளாஸ்டிக் குமிழ் துருத்திக்கொண்டிருந்தது. ஆட்டோ ஓட்டும் ஒரு தகப்பன், "இன்னா சார், மூக்கைக் காணோம்?" என்று அவரிடமே கேட்டார். வாசலே சிரித்தது. அவர் கம்பெனிக்கு வந்து குதித்தபோது, முதலாளி அவர் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார். பிறகு எனக்கும் செம டோஸ். உறைக்கவே இல்லை. அந்த வருஷம் மட்டும் நானூற்றைம்பதை மனசாரக் கொடுத்து வாங்கினேன்.

இப்போது அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் டிவிடி பிளேயர் இல்லை. நடனத்தை மகள் செல்போனில் ஏற்றிக்கொண்டாள். மூக்கில் கயிறு கோத்து, முகம் தெருவைப் பார்க்க, புறா விரட்டப் பால்கனியில் டிவிடியைக் கட்டியதும் அவள்தான்.

ஓய்வுபெற்ற தாளாளர் தினமும் காலையில் சிட்லபாக்கம் ஏரிக்கு நடக்க எங்கள் தெரு வழியாகத்தான் போகிறார். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தவர், அதன்பின் தலையைக் குனிந்தே போகிறார். என் மகள் பால்கனியில் நிற்கிறாள். அவர் தெருமுனை திரும்பும்வரை நிற்கிறாள்.