பென்ஷன் மீது ஒரு கோடு

பிராவிடண்ட் ஃபண்டிலிருந்து பென்ஷனுக்கு மாற விரும்புகிறவர்கள் மாறலாம் என்று எங்கள் வங்கியில் சுற்றறிக்கை வந்தது தொண்ணூறுகளின் நடுவில். எதிர்வீட்டுக்காரர்மேல் நான் பொறாமைப்படத் தொடங்கி அப்போதே பத்து வருடம் ஆகியிருந்தது. ஒரே கிளையில் வேலை, சேலையூரில் எதிரெதிர் வாசல். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். யாரும் சீந்தாத காலத்தில் கீழ்க்கட்டளையில் இரண்டு கிரவுண்டு வாங்கிப் போட்டார். அதே மாதம் நான் தவணையில் பத்துத் தொகுதி கலைக்களஞ்சியம் வாங்கினேன். கீழ்க்கட்டளையைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

சுற்றறிக்கை சொன்னது இதுதான். பி.எஃப்பிலேயே இருந்தால், ஓய்வுபெறும்போது நம் பங்கு, வங்கியின் பங்கு, வட்டி எல்லாம் மொத்தமாக வரும், வரி கிடையாது. மாறினால், வங்கியின் பங்கு பென்ஷன் நிதிக்குப் போய்விடும். போகும்போது வரி இல்லை, அது நம் கைக்கே வருவதில்லையே. ஆனால் பிறகு மாதாமாதம் வரும் பென்ஷன் சம்பளத்தைப் போலத்தான், வரி உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டால் அதற்கு மட்டும் விலக்கு. எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

“சாகிற வரைக்கும் வரியா?” என்றேன் மனைவியிடம்.

“சாகிற வரைக்கும் பணமும் வருமில்ல? உங்க கையில மொத்தமா வந்தா இன்னொரு பத்து புஸ்தகம்தான் வரும். எதிர்வீட்டு சார் என்ன எழுதறார்னு நேரா கேளுங்களேன்.”

கேட்டேன். “இன்னும் யோசிக்கவே இல்ல சார்” என்றார் அவர். கீழ்க்கட்டளை மனை வாங்குவதற்கு முதல் நாளும் இதையேதான் சொன்னார்.

படிவம் கொடுக்க வேண்டிய கடைசி நாள் காலை, மின்சார ரயிலில் அவருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எனக்கு அவர் எதிரே ஒரு கைப்பிடி. குரோம்பேட்டை தாண்டியதும் பையிலிருந்து படிவத்தை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். பி.எஃப்., பென்ஷன் என்று இரண்டே சொற்கள், கீழே ‘வேண்டாததை அடிக்கவும்’ என்று ஒரு குறிப்பு. நான் கழுத்தை நீட்டினேன். தலைகீழாகத் தெரிந்த ‘பென்ஷன்’மேல் ஒரு கோடு. பல்லாவரம் வருவதற்குள் அவர் படிவத்தை மடித்துவிட்டார்.

ஆக, பென்ஷனை அடித்துவிட்டார்! இந்த முறையும் எனக்குச் சொல்லாமல் தப்பப் பார்த்தாரே என்று கொதித்தது. கிளைக்குப் போனதும் ஸ்கேல் வைத்துப் பென்ஷனை அடித்தேன். இரண்டு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம்.

பத்து நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்கு போன். எங்கள் மேனேஜர் வாங்கிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “என்ன சார், வேண்டாததை அடிக்கச் சொன்னா வேண்டியதுக்கு அடிக்கோடு போட்டிருக்கீங்களாம். உங்களுக்கு எது வேணும்னு கேக்கறாங்க.”

“பென்ஷன்தான் சார். பழக்க தோஷம்.”

யோசித்து எழுதச் சொல்லி அவருக்குப் புதுப் படிவமும் ஒரு வாரமும் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வேண்டும் என்று மேனேஜரிடம் நின்றேன்.

“உங்களுதுல சந்தேகமே இல்லையாம் சார். ரொம்ப க்ளியரா இருக்காம்.”

என் சர்வீஸிலேயே பிழையில்லாமல் நான் நிரப்பிய படிவம் அது ஒன்றுதான்.

இரண்டு வருடத்தில் அவர் ஓய்வுபெற்றார். அடுத்த ஜூலையில், வருமான வரிப் படிவத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வேகமாகத் தெருவைக் கடந்தேன்.

“பென்ஷனுக்கு வரி உண்டாமே சார்?”

“ஒரே பேஜார் சார். வருஷா வருஷம் அழணும்.” சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது.

“வரி எவ்வளவு வருது?”

சொன்னார். மனத்துக்குள் அந்த வரியிலிருந்து பென்ஷனைக் கணக்குப் போட்டுக்கொண்டே வீடு திரும்பினேன். ஒரு மனிதன் கட்டும் வரியைப் பார்த்து வயிறெரிந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.