கடலில் போனவன் போட்ட கையெழுத்து

ஃபின்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு ஒரே கப்பலில் வந்த அண்ணன் தம்பி இருவரின் பேத்திகள் ஹெல்மியும் நானும். எனக்கு அவள் தங்கை முறை. அஸ்டோரியா மீன் ஆலையில் கீழே நான் டின் அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், மேலே அலுவலக அறையில் அவள் கூலிக்கணக்கு எழுதினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், நல்லவன் எல்லாம் கடலுக்குப் போய்விடுகிறான், கரையில் நிற்கிறவனைக் கட்டி என்ன செய்ய என்பாள்.

ஆலை மூடியதும் நண்டுப் படகுக்காரர்கள் தங்கள் அரசியல் நிதிக் குழுவுக்கு அவளைப் பொருளாளர் ஆக்கினார்கள். சின்னக் குழுதான். பெரிய இழுவலைக் கம்பெனிகளை எதிர்த்துப் பேசுகிற வேட்பாளருக்காக ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் செலவழிப்பார்கள். மேடையில் பேசுவது தலைவர் ஆர்விட் ஸ்டோர்பி. பாடுபடுவது ஹெல்மி. வருஷத்துக்கு இருநூறு டாலருக்கு மேல் கொடுத்தவர் யார், எந்தத் தெரு, என்ன வேலை, யாரிடம் வேலை என்று எழுதி வாஷிங்டனில் உள்ள தேர்தல் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். வேலையை எழுதாதவருக்கு முப்பது நாளுக்குள் கடிதம் போட்டுக் கேட்க வேண்டும். ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் காட்டினால் குற்றம். அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். அடியில், இதெல்லாம் உண்மை என்று ஹெல்மி கையெழுத்துப் போடுவாள். பத்தொன்பது வருஷம் போட்டாள். ஒரு தடவைகூட வாஷிங்டனிலிருந்து கேள்வி வந்ததில்லை.

அவளுடைய அண்ணன் உர்ஹோவுக்குச் சொந்தமாக நண்டுப் படகு இருந்தது. ஒரு ஜனவரியில், ஆற்று முகத்துவாரத்து மணல்திட்டில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவரின் உடல் மறுநாள் கரை ஒதுங்கியது. உர்ஹோ ஒதுங்கவில்லை. கல்லறையில் கல் இருக்கிறது, கல்லுக்கு அடியில் ஆள் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு பிப்ரவரி காலையில் ஹெல்மி எனக்குப் போன் செய்தாள். குரல் சரியில்லை. போனேன். சமையலறை மேசையில் தபால்கள் பிரித்துக் கிடந்தன. நடுவில் ஒரு செக். இருநூற்றைம்பது டாலர். உர்ஹோ ராவ்தியோ என்று கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைத் தூண்டில் முள் மாதிரி மேலே வளைத்துப் போடுவானே, அதே வளைவு.

அவனும் பெண்டாட்டி வெர்னாவும் சேர்ந்து வைத்திருந்த கணக்கின் செக் அது. வெர்னாதான் எழுதியிருப்பாள் என்றேன்.

"அண்ணி எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்க்கா. இது அண்ணன் கை."

"அப்ப நேரா போய்க் கேட்டுடு. மூணு தெரு தள்ளித்தானே இருக்கா."

அவள் போகவில்லை. செக்கை வங்கியில் போட்டாள். வேலை என்னவென்று எழுதப்படவில்லை அல்லவா, அதனால் செக்கில் இருந்த விலாசத்துக்கு விதிப்படி கடிதம் எழுதினாள். அன்புள்ள உர்ஹோ ராவ்தியோ, தங்கள் தொழிலையும் முதலாளியின் பெயரையும் தெரிவிக்கவும். செத்துப்போன அண்ணனுக்குத் தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் அவள் ஒரு மாதிரி ஆகிவிட்டாள். தபால்காரர் வருவதற்கு முன்பே வாசலில் நிற்பாள். ஒரு நாள் துறைமுகத்தில், இடது தோளைச் சாய்த்து நடந்த ஒருவர் பின்னால் ஐஸ் கிடங்குவரை போயிருக்கிறாள். அவர் திரும்பி, யாரைத் தேடுறீங்க என்று கேட்டாராம். இவள் வந்த வழியே திரும்பி நடந்துவிட்டாள். ஆள் அகப்படவில்லை என்றால் மனசு எந்தக் கல்லை நம்பும்?

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தொழில்: மீன்பிடிப்பு. முதலாளி: சொந்தப் படகு. அதே வளைந்த வால்.

ஏப்ரல் பதினைந்துக்குள் பட்டியல் போயாக வேண்டும். ஆர்விட்டிடம் சொன்னாள். அவர் நண்டுக்காலை உடைத்தபடியே சொன்னார்: "எழுதிப் போடும்மா. வாஷிங்டன்காரன் கடலுக்கு அடியில போய் விசாரிக்கவா போறான்?"

"கையெழுத்து நீங்களா போடுறீங்க? நான்ல போடுறேன்."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் என்னையும் கூட்டிக்கொண்டு வெர்னா வீட்டுக்குப் போனாள். வெர்னா சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் காப்பி ஊற்றி, ஏலக்காய் ரொட்டியை வெட்டி வைத்தாள். யாரும் தொடவில்லை. ஹெல்மி அந்தப் பதில் கடிதத்தை மேசைமேல் வைத்தாள்.

வெர்னா மறைக்கவில்லை. பழைய செக்குகளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே தாள் வைத்து ஒரு குளிர்காலம் முழுக்கப் பழகினாளாம்.

"எதுக்கு அண்ணி?"

"பதினாலு வருஷம் உன் பட்டியல்ல அவர் பேர் இருக்கு, ஹெல்மி. ராத்திரி தூக்கம் வரலேன்னா அதைத்தான் எடுத்துப் பார்ப்பேன். துறைமுகத்துல அவர் பேரை அடிச்சுட்டாங்க. லைசென்ஸ் ஆபீஸ்ல அடிச்சுட்டாங்க. கோர்ட்டுலயும் செத்துட்டார்னு முத்திரை குத்திட்டாங்க. உங்கிட்ட மட்டும்தான் அவரு இன்னும் மீன்பிடிக்கிறாரு. இந்த வருஷமும் இருக்கட்டுமேன்னு பார்த்தேன்."

ஹெல்மி அந்தக் கடிதத்தை மடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் அவர் உயிரோட இருக்கார்னு நினைச்சேன் அண்ணி. அதைப் பத்தி நீ யோசிக்கவே இல்ல."

"லெட்டர் யார் போட்டா? என் வாசலுக்கு வந்து கேட்டியா நீ? அன்புள்ள உர்ஹோன்னு எழுதினே. உனக்கும் அவர்கிட்டேருந்துதானே பதில் வேணும்னு இருந்துச்சு. அதான் எழுதினேன்."

 பணம் உன்னுடையது, உன் பெயரைப் போடுகிறேன் என்றாள் ஹெல்மி. என் பேரை வச்சு நான் என்ன செய்ய என்றாள் வெர்னா. சவுனாப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

திங்கட்கிழமை ஹெல்மி இருநூற்றைம்பதையும் திருப்பி அனுப்பினாள். உர்ஹோ பெயர் இல்லாமல் பட்டியலை எழுதினாள். கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்தில் இருந்தேன். தெளிவாகத்தான் போட்டாள். போட்டு முடித்துப் பேனாவை மூடினாள். அண்ணனை இரண்டாம் தடவை புதைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கு என்றாள். இந்தத் தடவை மண்ணைப் போட்டது அவளே.

வெர்னா எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தேவாலயத்தில் வேறு வரிசைக்கு மாறிக்கொண்டாள்.

அக்டோபரில் மறுபடி ஒரு செக் வந்தது. இருநூற்றைம்பது. இந்தத் தடவை கோழி கிளறின எழுத்து, வெர்னா ராவ்தியோ. என்ன வேலை என்ற இடம் காலியாக இருந்தது. ஹெல்மி விதிப்படி கடிதம் போட்டாள். நாள்தோறும் தபாலுக்குக் காத்திருந்தாள். பதில் வரவில்லை. மறுபடி மூன்று தெரு நடந்து போகலாமா என்று என்னைக் கேட்டாள். போ என்றேன். பாதிவழி போய்த் திரும்பி வந்துவிட்டாள்.

பதில் வராதவருக்கு என்ன எழுத வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. அதையே எழுதினாள். வெர்னா ராவ்தியோ, தொழில்: கேட்டிருக்கிறோம்.