பேத்தியின் ஆறு மாதச் செக்கப்

தாம்பரம் மேற்கில் ஒரு பல் கிளினிக்கில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். உதவியாளர் என்று பெயர். கருவிகளைக் கழுவுவேன், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பேன், நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுவேன். ஆனால் டாக்டர் என்னை வைத்துக்கொண்டது என் கைபலத்துக்காகத்தான். குழந்தைகள் வந்தால் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் கையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மா அப்பாவை வெளியே உட்காரவைத்துவிடுவார். மரத்துப்போகும் ஊசி போட்டால் அது பிடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை அவருக்குக் கிடையாது. குழந்தை அழுதால், "சத்தம் போட்டா பக்கத்துப் பல்லும் போயிடும்" என்பார். நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் என் சம்பளம் தேவைப்பட்டது.

ஒருநாள் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று. ஊசி போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, குறடை எடுத்துவிட்டார். வலியில் அது தலையைத் திருப்ப, குறடு வழுக்கிக் கன்னத்தின் உள்பக்கம் கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் நான் கையை விட்டேன். அலறல் கேட்டு அம்மா ஓடிவந்தார். டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்தம்மா கைய விட்டுட்டாங்க. நான் என்ன பண்றது?" என்றார். பிறகு என்னிடம், "சாரி சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை வாங்கிக்கொண்டு, செய்யாத தப்புக்கு சாரி சொன்னேன். மறுநாள் டாக்டர் என்னை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலை போனதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த சாரியைத்தான் மறக்க முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து சேலையூர் பக்கம் புதிதாகத் திறந்த கிளினிக்கில் சேர்ந்தேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். கூட்டமே இல்லை. முதல் நாள் ஒரு பையனை அழைத்து வந்தார்கள். வழக்கம்போல நான் போய் அவன் கையைப் பிடித்தேன். டாக்டர் என் விரல்களை மெதுவாக எடுத்துவிட்டார். அன்று அவனுக்கு எந்த வைத்தியமும் செய்யவில்லை. நாற்காலியை ஏற்றி இறக்கிக் காட்டினார், சின்னக் கண்ணாடியை அவன் கையிலேயே கொடுத்தார், பல்லை எண்ணினார், அனுப்பிவிட்டார். அவனுடைய அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வலி வந்த பிறகு வருவதற்கு இல்லை, வலி வராமல் இருப்பதற்குத்தான் பல் டாக்டர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சும்மா வந்து காட்டுங்கள் என்று அவரிடம் சொன்னார்.

இப்படியும் செய்யலாம் என்றால் நான் எட்டு வருடம் பிடித்த கைகளெல்லாம் எதற்கு? அன்றைக்குத்தான் பழைய டாக்டரைச் சும்மா விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

எனக்கு முகம் மறந்தாலும் பல் மறக்காது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், மின்சார ரயிலில், ரேஷன் கடை வரிசையில், எங்கே பழைய நோயாளியைப் பார்த்தாலும் பேச்சுக் கொடுத்தேன். உங்கள் சின்னவனுக்குக் கடைவாயில் கறுப்பாக இருந்ததே, பார்த்தீர்களா என்று ஆரம்பிப்பேன். புது டாக்டர் எப்படிப் பார்க்கிறார் என்பேன். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தக் கன்னம் கிழிந்த கதை. ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. உண்மையே போதுமானதாக இருந்தது. சிட்லபாக்கத்தில் ஒரு தெருவே எங்கள் பக்கம் வந்தது. குரோம்பேட்டையிலிருந்து ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. சாயங்காலம் வேலை முடிந்ததும் தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாக மேற்குத் தாம்பரம் போய், பழைய டாக்டரின் கிளினிக் வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன். பத்து கிடந்த இடத்தில் மூன்று கிடந்தால் அன்று ராத்திரி சோறு நன்றாக இறங்கும்.

இரண்டு வருடம் போனது. ஒருநாள் பழைய டாக்டருடைய மருமகள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் கிளினிக்கில் வந்து நின்றாள். ஆறு வயதுக் குழந்தை. தாத்தாவைக் கண்டால் வாயைத் திறக்காதாம். என்னைப் பார்த்ததும் மருமகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் பொறுமையாக எண்ணிப் பார்த்தார். நிலைப்பல்லில் முதல் கடைவாய்ப் பல் அப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த முறை வரும்போது அதன் பள்ளங்களை அடைத்துப் பூச்சு போட்டுவிட்டால் சொத்தை விழாது என்றார். குழந்தை சிரித்துக்கொண்டே இறங்கியது.

போகும்போது மருமகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, அடுத்த செக்கப்புக்கு போன் பண்ணா என் செல்லுக்கு மட்டும் பண்ணுங்க. மாமாவுக்குத் தெரிஞ்சா வீட்ல பெரிய பிரச்சனையாயிடும்."

சரி என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

நாள் நெருங்கினால் எல்லோருக்கும் போன் செய்து ஞாபகப்படுத்துவது என் வேலை. ஆறு மாதம் கழித்து, போன் செய்ய வேண்டிய கார்டுகளில் அந்தக் குழந்தையுடையதும் வந்தது. மருமகளின் எண் அதில் எழுதியிருந்தது. நான் அவள் மாமனாருடைய கிளினிக் எண்ணை அழுத்தினேன். எட்டு வருடம் அந்த போனை எடுத்தவள் நான், எண் மனப்பாடம். அவரே எடுத்தார். அந்த நேரத்தில் போனை எடுக்கக்கூட அங்கே ஆள் இல்லை என்று தெரிந்தது. அதுவே பாதி சந்தோஷம்.

"சார், உங்க பேத்திக்கு ஆறு மாச செக்கப் வருது. ஞாபகப்படுத்தலாம்னு போட்டேன்."

"எந்த கிளினிக்? யாரு பேசறது?"

"எட்டு வருஷம் புள்ளைங்க கைய புடிச்சுகினு நின்னேனே சார். நான்தான்."

அவர் டக்கென்று போனை வைத்துவிட்டார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

நான்காம் நாள் மருமகள் வந்தாள், குழந்தை இல்லாமல். கண் வீங்கியிருந்தது. என்னிடம் பேசவில்லை. டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். என் பேத்தி பல்லை ஊரான் பார்ப்பதா என்று மாமனார் கத்தினாராம். இனி எந்த டாக்டர் படியும் ஏறக்கூடாது என்றாராம். கணவனும் அப்பா பக்கம் நின்றுவிட்டானாம். டாக்டர் என்னைத் திட்டவில்லை. போன் செய்கிற வேலையை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். "அந்தக் குழந்த உங்களுக்கு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார். நான் கருவிகளைக் கழுவப் போய்விட்டேன்.

ஒன்றரை வருடம் அந்தக் குழந்தை வரவில்லை. தாத்தாவிடம் அது வாயைத் திறக்கவில்லை, வேறு யாரிடமும் திறக்க அவர் விடவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை கன்னம் வீங்கி, காய்ச்சலோடு இருந்த குழந்தையை மாமனாரையும் மீறி மருமகள் தூக்கிக்கொண்டு வந்தாள். பூச்சு போட்டிருக்க வேண்டிய அதே பல்தான். சொத்தை நரம்புவரை இறங்கியிருந்தது. டாக்டர் முதலில் வீக்கத்துக்கு மருந்து கொடுத்தார். பிறகு நான்கு முறை வரவழைத்து, மரத்துப்போகும்வரை கதை சொல்லிக் காத்திருந்து, பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றி, அதன் மேல் தொப்பி மாதிரி ஓர் உறை போட்டார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருமுறை குழந்தை வலிக்குமா என்று என்னைக் கேட்டது. டாக்டர்தான் பதில் சொன்னார்.

கடைசி நாளன்று வெளியே காத்திருக்கும் இடத்தில் மருமகளிடம் சாரி சொன்னேன். வாழ்க்கையில் நான் சொல்ல வேண்டியிருந்த சாரி அது ஒன்றுதான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்களும் அவரும் ஒண்ணுதான்" என்றாள்.

இப்போது பழைய டாக்டர் வாரத்தில் மூன்று நாள்தான் கிளினிக் திறக்கிறார் என்று கேள்வி. எதிரே என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். அவர் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் ஒரு துளிகூடக் குறையவில்லை. மருமகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் குழந்தையைக் கூட்டிவருகிறாள். இந்த முறை கணவனும் வந்தான். அடுத்த தேதியை டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்.